நாலரைப் பக்கம்

அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கடலூர்ப் பக்கம் ஒரு பெண் மணலில் குப்புறக் கிடக்கிறார். கைகள் இரண்டும் விரிந்து, உள்ளங்கைகள் வானத்தைப் பார்த்திருக்கின்றன. படத்தின் ஓரத்தில் இறந்துபோன உறவினரின் கை மட்டும் தெரிகிறது. ராய்ட்டர்ஸ் புகைப்படக்காரர் ஆர்கோ தத்தா 2004 டிசம்பர் 28 அன்று எடுத்த படம் அது. அந்த ஆண்டின் உலகச் செய்திப் படமாகப் பரிசு பெற்றது. நல்ல படம். எடுத்தவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அதைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் அந்தப் பெண்ணை விட்டு ஓரத்துக்குப் போய்விடுகிறது. அந்தக் கைக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். ரேஷன் கார்டில் இருந்திருக்கும். வலை ஏலத்தில் யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள்.

சுனாமி என்றதும் பலருக்கு மனதில் ஓடுபவை சில காட்சிகள்தான். கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவர் சிலையில் மோதிச் சிதறும் நுரை. மெரினாவில் மிதந்துபோன கார்கள். நாகப்பட்டினத்தில் ஒன்றன்மேல் ஒன்றாய் ஏறிக்கிடந்த விசைப்படகுகள். அதற்கப்புறம் மார்பில் அடித்துக்கொண்டு அழும் பெண்கள். எல்லாம் நடந்தவைதான். ஆனால் டிசம்பர் 26 வந்தால் தொலைக்காட்சியில் ஓடுவதும் இவைதான், நாளிதழில் வருவதும் இவைதான். கரையில் வாழ்ந்தவர்கள்கூட இப்போது அன்றைய காலையைச் சொல்லத் தொடங்கினால் பாதி இடத்தில் தாம் பார்த்ததை விட்டுவிட்டுத் தொலைக்காட்சியில் பார்த்ததைச் சொல்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் அந்த இடம் எதுவென்று தெரிந்துவிடும். அதுவரை “எங்க வூட்டுப் பின்னால” என்று சொல்லிக்கொண்டிருந்தவர் திடீரென்று “முப்பதடி உயர ராட்சத அலை” என்பார்.

நான் அப்போது டெல்டா மாவட்டங்களுக்குப் போகும் ஒரு நாளிதழின் செய்தி டெஸ்க்கில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, மார்கழிப் பௌர்ணமி. ஞாயிறு என்றால் ஆள் குறைவு. “கடல் ஊருக்குள்ள வந்துட்டு சார்” என்று நாகை நிருபர் தொலைபேசியில் சொன்னபோது எங்களில் யாருக்கும் அது விளங்கவில்லை. புயல் கிடையாது, மழை கிடையாது, வானம் பளிச்சென்று இருந்தது. சுமத்ராவுக்கு அருகில் விடிகாலையில் பூமி அதிர்ந்த செய்தியும் இதுவும் ஒன்றுக்கொன்று தொடர்புடையவை என்பது சிறிது நேரம் கழித்துத்தான் உறைத்தது. பிறகு இரவெல்லாம் எண்தான். தூரத்து ஊர்களுக்குப் போகும் முதல் பதிப்பில் ஒரு எண், உள்ளூர்ப் பதிப்பில் இன்னோர் எண், மறுநாள் வேறோர் எண். வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸுக்கு வந்திருந்த யாத்திரிகர்கள், அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் என்று ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டே போனோம். கடைசியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,065 பேர் என்று அரசுக் கணக்கு நின்றது. தமிழ்நாடு முழுவதும் ஏறத்தாழ 8,000.

எண் இருந்தது, முகம் இல்லை. இதை நான் அப்போதே கவனிக்கக் காரணம் கும்பகோணம். அதே ஆண்டு ஜூலை 16 அன்று, அலை வருவதற்கு ஐந்து மாதம் பத்து நாட்களுக்கு முன், காசிராமன் தெருப் பள்ளியில் சத்துணவுக் கூடத்தில் பிடித்த தீயில் 94 குழந்தைகள் கருகினார்கள். அன்று மாலையே பெற்றோர் கையில் படங்கள் வந்துவிட்டன. வகுப்பு குரூப் போட்டோ, பிறந்தநாள் ஸ்டுடியோ படம், பாஸ்போர்ட் அளவுப் படம். வரிசை வரிசையாகச் சின்ன முகங்களை அடுக்கி ஒரு முழுப் பக்கம் போட்டோம். இன்றைக்கும் ஜூலை 16 அன்று அந்த ஊரில் நிற்கும் பேனரில் அதே முகங்கள், அதே வரிசை. கும்பகோணத்தை நம் ஊர் முகங்களாக ஞாபகம் வைத்திருக்கிறது. பிள்ளைகள் சீருடையில் நம்மைப் பார்க்கிறார்கள், பார்த்தவர் பதில் சொல்லியாக வேண்டும். வழக்கு பத்தாண்டுகள் இழுத்து 2014-இல் தீர்ப்பு வந்தபோதும் எல்லா நாளிதழ்களும் அந்தப் பக்கத்தைத்தான் திரும்ப எடுத்தன.

கடற்கரையில் அப்படி ஒரு பக்கம் போட முடியவில்லை. ஆளோடு ஆல்பமும் போய்விட்டது. சுவரில் மாட்டிய கல்யாணப் படம், டிரங்குப் பெட்டிக்குள் துணியில் சுற்றி வைத்த குழந்தைப் படம், எல்லாவற்றையும் கடல் கொண்டுபோய்விட்டது. இறந்தவரின் படம் இல்லாத இடத்தில் அழுகிறவரின் படம்தான் கிடைக்கும். அதைத்தான் போட்டோம். உலகம் முழுவதும் அதைத்தான் போட்டார்கள். அந்த வாரத்தில் உண்டான பழக்கம் இருபது ஆண்டுகளாக மாறவில்லை. நினைவு நாள் என்றால் கேமரா அழுகையைத் தேடிப் போகிறது. கடலில் பால் ஊற்றும்போது அழாமல் நிற்கும் பெண்ணை எந்தக் கேமராவும் பிடிப்பதில்லை. முதல் சில ஆண்டுகள் கரைக்குப் போன நிருபர்கள், அன்று யார் யார் பேசுவார்கள் என்று முந்தைய ஆண்டின் கட்டுரையைப் பார்த்துத்தான் தேடிப் போனார்கள். அதே அம்மா, அதே படிக்கட்டு, அதே கேள்வி. ஊர்க்காரர்கள் அந்த அம்மாவை “பேப்பர்ல அழுவுற அம்மா” என்றே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அவர் நடுவில் இரண்டு பேரப்பிள்ளைகளை எடுத்து வளர்த்திருந்தார். அதைப் பற்றி எங்கள் நாளிதழில் ஒரு வரிகூட வந்ததில்லை.

2005-இன் தொடக்கத்தில், பொங்கல் கழிந்து, அக்கரைப்பேட்டையிலிருந்து ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும். நிவாரணத்துக்கு வந்த சட்டை, தோளில் நிற்கவில்லை. ரிசப்ஷனில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு நேரே டெஸ்க்குக்கு வந்துவிட்டார். “எம் புள்ள படம் ஒங்க பேப்பர்ல வந்துச்சு தம்பி. அது ஒண்ணு வேணும்” என்றார். எந்தத் தேதி என்று கேட்டேன். தேதி தெரியாது. ஆடிப்பெருக்குக்கு முந்தைய வாரம். பள்ளிக்கூடத்தில் கோலப் போட்டி நடத்திப் பரிசு கொடுத்தார்கள். படம் பேப்பரில் வந்த அன்றைக்கு டீக்கடையில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறார். அந்தப் பேப்பரை மடித்து வீட்டில் வைத்திருந்தார். வீடே இல்லை இப்போது.

ஃபைல் கட்டுகளை இறக்கி இரண்டு பேருமாகப் புரட்டினோம். மாவட்டப் பக்கத்தின் அடியில், மின்தடை அறிவிப்புக்கும் கூட்டுறவுச் சங்கத் தேர்தலுக்கும் நடுவில் அந்தப் படம் இருந்தது. தலைமையாசிரியர், ஊர்ப் பஞ்சாயத்தார், முன்னால் பதினைந்து இருபது பிள்ளைகள். இரண்டாவது வரிசையில் ஒரு பெண், முன்னால் நிற்கும் பிள்ளையின் ரிப்பன் பாதி முகத்தை மறைத்திருந்தது. மிச்சம் தெரிந்த முகம் உளுந்து அளவு. அவர் விரலை வைத்தார். “இவதான். சிரிக்கல பாருங்க. காமிராவப் பாத்தா சிரிக்க மாட்டா.” எங்கள் புகைப்படக்காரர் நெகட்டிவ்களைத் தகரப் பெட்டியில் தேதி போட்டு வைத்திருப்பவர். தேடி எடுத்து, ஸ்டுடியோவில் கொடுத்து அந்த ஒரு முகத்தை மட்டும் போஸ்ட்கார்டு அளவுக்குப் பெரிதாக்கினார். பெரிதாக்கியதில் முகம் கலங்கிப் புள்ளி புள்ளியாகத்தான் வந்தது. கன்னம் எது, ரிப்பன் எது என்று எங்களுக்குப் பிடிபடவில்லை. அவருக்குப் பிடிபட்டது. கல்யாணம் ஆகாமல் போன பிள்ளை, வீட்டில் கன்னியாக வைத்துப் பாவாடை சட்டை எடுத்துக் கும்பிட வேண்டும், படம் இல்லாமல் எப்படிக் கும்பிடுவது என்றார். காசு கொடுக்கப் பார்த்தார். புகைப்படக்காரர் பின்பக்கமாக எழுந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகு நிறையப் பேர் வந்தார்கள். பள்ளிப் பரிசளிப்பு, கோயில் தீமிதி, மாதா தேர், மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டம், கடனுதவி வழங்கும் விழா. எந்தச் செய்தியை ‘லோக்கல்’ என்று சொல்லி இடம் மிஞ்சினால் போடுவோமோ அதைக் கேட்டு வந்தார்கள். பேரழிவு நாளின் படத்தைக் கேட்டு ஒருவர்கூட வரவில்லை. கடலோரக் கிராமங்கள் பலவற்றுக்கு, சாவுக்கு முந்திய முகங்கள் ஏதாவது மிஞ்சியிருந்தால் அவை எங்கள் பழைய மாவட்டப் பக்கங்களில்தான் மிஞ்சியிருந்தன. நாளிதழ் என்பது எதற்காக என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

நினைவைச் செய்தி வளைக்கிறது என்பது எப்போதும் பொய் சொல்வதால் நடப்பதில்லை. எந்த இடத்துக்கு வண்டி போகும், எங்கே தங்க அறை கிடைக்கும் என்பதாலும் நடக்கும். அந்த அலையில் மிக அதிகமாகச் செத்தது இந்தோனேசியாவின் ஆச்சே. உலகம் முதல் நாட்களில் பார்த்தது தாய்லாந்தின் விடுதிக் கரையை. அங்கே வீடியோ கேமரா வைத்திருந்த பயணிகள் இருந்தார்கள். இலங்கையில் பெரலியவில் கவிழ்ந்த ரயில் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தீவிலேயே அதிக உயிர் போன அம்பாறை மாவட்டம் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? அம்பாறையைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு குழந்தைதான். கல்முனை மருத்துவமனையில் அன்று 81-ஆவதாகச் சேர்க்கப்பட்டதால் ‘81-ஆம் எண் குழந்தை’ ஆனது. ஒன்பது தம்பதிகள் அந்தக் குழந்தைக்கு உரிமை கொண்டாடுகிறார்கள் என்று உலகமெங்கும் செய்தி ஓடியது. உண்மையில் முறைப்படி உரிமை கோரியது ஒரே ஒரு தம்பதிதான். மரபணுச் சோதனையில் அவர்கள்தான் பெற்றோர் என்று தெரிந்தது. அப்புறம் அவர்களை அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அழைத்துப் போனார்கள். ஒன்பது தம்பதிகள் கதை இன்னும் உலவுகிறது. அந்த ஒரு தாய் தன் பிள்ளைதான் என்று நிரூபிக்க நீதிமன்றத்தில் நின்ற நாட்களை யாரும் சொல்வதில்லை.

நம் நாட்டுக்குள்ளேயே நிக்கோபார் இருக்கிறது. கார் நிக்கோபாரில் விமானப்படைத் தளமே அழிந்தது. பெரிய நிக்கோபாரின் தென்கோடியில் இந்திரா முனை நாலு மீட்டருக்கு மேல் தாழ்ந்துபோய்க் கலங்கரை விளக்கத்தின் அடி தண்ணீருக்குள் நின்றது. அங்கே செத்தவர்களின் உறவினர் யாரும் மாலைச் செய்திக்குப் பேட்டி கொடுக்கவில்லை. நாகையிலேயே கேமரா மீனவக் குப்பத்தோடு நின்றுவிட்டது. குப்பத்துக்குப் பின்னால் உப்பு ஏறிப்போன வயல்களில் கூலி வேலை செய்த தலித் குடும்பங்களுக்குப் படகும் இல்லை, வலையும் இல்லை. ‘பாதிக்கப்பட்டவர்’ என்றால் படகு போனவர் என்று நாங்கள் எழுதிப் பழக்கியிருந்தோம். நிவாரணப் பட்டியல் போடுகிறவர்களும் பேப்பர் படிக்கிறவர்கள்தானே. தங்கள் பெயரைப் பட்டியலில் ஏற்றுவதற்கே அவர்கள் மாதக்கணக்கில் அலைந்தார்கள்.

பயத்தையும் நாங்கள்தான் விற்றோம். உடல்கள் கிடந்தால் கொள்ளைநோய் பரவும் என்று முதல் நாளிலிருந்தே செய்தி. இத்தகைய பேரழிவில் செத்தவரின் உடலால் தொற்றுநோய் பரவுவது மிக அரிது என்று பொதுச் சுகாதாரத் துறையினர் பல காலமாகச் சொல்லிவருகிறார்கள். அதை யார் கேட்டார்கள்? அவசர அவசரமாகக் குழி வெட்டி, பிளீச்சிங் பவுடர் போட்டு, அடையாளம் காண ஆள் வருவதற்குள் மூடினார்கள். சில இடங்களில் மட்டும் மூடுவதற்கு முன் படமெடுத்து எண் போட்டு வைத்தார்கள். கடலூர்ப் படத்தின் ஓரத்தில் இருக்கும் கைக்காவது பக்கத்தில் விழுந்து அழ ஒருவர் இருந்தார். டிசம்பர் 30 அன்று இன்னோர் அலை வரலாம் என்று மத்திய உள்துறை எச்சரிக்கை விட்டதும், அது தொலைக்காட்சியின் அடியில் ஓடும் வரியானதும், கரை முழுக்க ஜனங்கள் மேற்கே ஓடினார்கள். குழிவெட்டிக்கொண்டிருந்தவர்களும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அலை வரவில்லை. அந்த எச்சரிக்கைக்கு ஆதாரம் இல்லை என்று அறிவியல் துறை அமைச்சரே பிறகு சொன்னார்.

இன்னொரு டிசம்பரும் எனக்கு நினைவுக்கு வருகிறது, நான் பிறப்பதற்கு முந்தியது. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடி. என் அப்பா அதைச் சொல்லும்போது பாம்பனிலிருந்து கிளம்பிய 653-ஆம் எண் பயணி ரயிலைத்தான் சொல்வார். அவர் அதைப் பேப்பரில் படித்தவர். எல்லோரும் ரயிலைத்தான் சொல்வார்கள். இன்று அங்கே ஜீப்பில் போய் இடிந்த தேவாலயச் சுவரில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்பவர்களுக்கும் ரயில் கதை தெரியும். அந்த இரவில் செத்த சுங்கச்சாவடிக் குமாஸ்தா, துறைமுகக் கூலி, கருவாடு காயப்போட்ட கிழவி ஒருவர் பெயரும் தெரியாது. அப்போது ஒரு தலைமுறை கையில் இருந்தது நாளிதழ் மட்டும். நம் தலைமுறைக்கு இருபத்துநான்கு மணி நேரமும் ஓடும் தொலைக்காட்சி இருந்தது. ஆனாலும் பெயர் விஷயத்தில் நாம் 1964-ஐத் தாண்டவில்லை.

நடுவில் ஒருமுறை பரபரப்பு வந்தது. 2007 தொடக்கத்தில் வடசென்னை எர்ணாவூரில், சுனாமிக்குப் பின் குடியேற்றப்பட்ட பெண்கள் கடனுக்காகச் சிறுநீரகம் விற்ற செய்தி வெளியானது. சில வாரங்கள் எல்லா வண்டிகளும் அங்கே நின்றன. வயிற்றின் பக்கவாட்டுத் தழும்பைக் காட்டச் சொல்லிப் படம் எடுத்தார்கள். பிறகு வண்டிகள் போய்விட்டன. டிசம்பர் 26 சிறப்புப் பக்கத்தில் அந்தப் பெண்களை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அவர்களும் அதே அலையில் அடிபட்டவர்கள்தான். ஆனால் அடி இரண்டாண்டு தள்ளி விழுந்ததால் நினைவு நாள் கணக்கில் சேரவில்லை.

அக்கரைப்பேட்டைக்காரர் ஒவ்வோர் ஆண்டும் நினைவஞ்சலி விளம்பரம் கொடுப்பார். ஒற்றைப் பத்தி, ஐந்து சென்டிமீட்டர், கறுப்பு வெள்ளை. அந்தக் கலங்கிய படம்தான். முதல் ஆண்டு விளம்பரப் பிரிவில் வாசகத்தை அவர்களே எழுதி, ஆழிப்பேரலையில் எங்களை விட்டுப் பிரிந்த என்று தொடங்கியிருந்தார்கள். அவர் அதை எடுக்கச் சொன்னார். “அது ஒரு நாள் சமாச்சாரம். பதிமூணு வருசம் இருந்தா இல்ல?” என்று கேட்டார். பெயர், எட்டாம் வகுப்பு, கோலப் போட்டியில் இரண்டாம் பரிசு. இவ்வளவுதான் போட வேண்டும் என்றார். மலர்வுத் தேதி போடுங்கள், மறைவுத் தேதியை விடுங்கள் என்றார்.

விளம்பரம் டிசம்பர் 26 அன்று வராது. அவர் வீட்டுக் கணக்கு மார்கழிப் பௌர்ணமி. திதி நகரும். ஒரு வருஷம் ஜனவரி முதல் வாரத்தில் வரும், ஒரு வருஷம் டிசம்பர் 21-இல் வரும். 26 அன்று போட்டால் சிறப்புப் பக்கத்திலேயே வரும், நிறையப் பேர் பார்ப்பார்கள் என்று விளம்பர மேலாளர் நல்லெண்ணத்தோடு சொல்லிப் பார்த்தார். “அன்னிக்கு எல்லாரும் அழுவாங்க தம்பி, என் புள்ளைய யாரு பாப்பா?” என்று அவர் மறுத்துவிட்டார். 19 ஆண்டுகள் கழித்து 2023-இல்தான் பௌர்ணமியும் டிசம்பர் 26-உம் மறுபடி ஒரே நாளில் வந்தன. நான் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தேன். அன்றைய இதழில் மேலே ஆவணக் காப்பகத்திலிருந்து எடுத்த அழும் பெண்ணின் வண்ணப்படம். கீழே, வலதுபக்க மூலையில், சிரிக்காத அந்தப் பிள்ளை.

அடுத்த ஆண்டு இருபதாம் ஆண்டு. டிரோன் வைத்து நினைவுத் தூணை மேலிருந்து எடுத்திருந்தார்கள். 2007-இல் ஐதராபாத்தில் தொடங்கிய எச்சரிக்கை மையத்தைப் பற்றி நல்ல கட்டுரை ஒன்று வந்தது. அதைச் சந்தோஷமாகவே படித்தேன். அப்படிப்பட்ட எழுத்து உயிரைக் காப்பாற்றும். கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் கல்லறைத் தோட்டத் திருப்பலி, நாகையில் மௌன ஊர்வலம், பால் ஊற்றல். எண்கள் மறுபடி வந்தன. 6,065 என்று எல்லோரும் சரியாகப் போட்டிருந்தார்கள்.

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வரும் காலத்தை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மாவட்டம் மாவட்டமாக, பக்கம் பக்கமாக, பொடி எழுத்தில் பதிவெண்கள். ஜெயித்த ஒவ்வொரு பிள்ளையின் எண்ணையும் நாளிதழ் அச்சடித்தது. இடம் இல்லை என்று யாரும் சொன்னதில்லை. இரவெல்லாம் உட்கார்ந்து புரூஃப் பார்த்திருக்கிறேன். ஓர் எண் விடுபட்டால் ஒரு வீடு கலங்கிவிடும் என்று பயந்து பார்ப்போம். அந்தப் பழக்கத்தில் ஒருநாள் பேப்பரும் பென்சிலும் வைத்துக் கணக்குப் போட்டேன். பக்கத்துக்கு எட்டுப் பத்தி, பத்திக்கு 170 வரி, வரிக்கு ஒரு பெயரும் வயதும். ஊர் வாரியாகப் பிரித்துப் போட்டால் நாகப்பட்டினம் மாவட்டத்துக்கு நாலரைப் பக்கம் வரும். வருஷத்துக்கு ஒரு நாள், நாலரைப் பக்கம். பட்டியல் அரசிடம் இருக்கிறது, ஊர்ப் பஞ்சாயத்துகளிடம் இருக்கிறது, இழப்பீடு கொடுத்த பதிவேடுகளில் இருக்கிறது. டெஸ்க்கில் இப்போது உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம் கேட்டுவிட்டேன், கேட்டுக்கொண்டும் இருக்கிறேன். ஐந்தாவது பக்கத்தில் மிஞ்சும் அரைப் பக்கத்தை விளம்பரத்துக்குக் கொடுக்க வேண்டாம். பெயர் தெரியாமல் புதைத்தவர்களுக்குப் போட்டு வைத்த எண்களை அதில் அச்சடிக்கலாம்.